மருந்துக் கிணற்றின் முதல் குடம்

அன்புள்ள மகனுக்கு,

மீனா இங்கேதான் இருக்கிறாள். அவளைத் தேடி அலையாதே. செட்டியார்பட்டிக்கு ஆள் அனுப்பி உன் மாமனாரையும் கலங்கடிக்காதே. காலையில் நீ பேண்டேஜ் பட்டறைக்குள் போனதும் ஒரு துணிப்பையைத் தூக்கிக்கொண்டு, ஏழு மாத வயிற்றோடு இராஜபாளையத்தில் டவுன் பஸ் ஏறி, ஶ்ரீவில்லிபுத்தூர் வந்து இறங்கி, தனியாக நடந்து என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். நான் கூப்பிடவில்லை. வா என்று ஜாடைகூடக் காட்டவில்லை. அவளாக வந்தாள். இப்போது சாப்பிட்டுவிட்டு உன் தங்கச்சியோடு உட்கார்ந்து பூண்டு உரிக்கிறாள். எதிர்க் கடை பாய் சரக்கெடுக்க மத்தியானம் அங்கே வருகிறார், அவர் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். பட்டறைக்குப் போன் போட்டிருக்கலாம். போட்டால் நீ என்னைப் பேசவிட மாட்டாய். "சரிம்மா, சரிம்மா, பொறவு பேசுவோம்" என்று வைத்துவிடுவாய். கடிதத்தை நடுவில் வெட்ட முடியாது பார், அதனால்தான் எழுதுகிறேன்.

எனக்குக் கோபம். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இனிப்புத் தடவிப் பேச இன்று எனக்கு வராது. வளைகாப்பு அன்று சபையில் வாயை மூடிக்கொண்டு வந்தேனே, அந்தக் கோபமும் இதில் சேர்ந்திருக்கிறது. தாயில்லாத பெண், சீமந்தம் முடிந்து அழைத்துப் போக ஆள் இல்லை, அதனால் உன் குவார்ட்டர்ஸிலேயே நடத்துகிறோம் என்றாய். சரி என்று சந்தோஷமாகத்தான் வந்தேன். வந்து உட்கார்ந்த சற்று நேரத்துக்குள், பட்டறையில் வேலை பார்க்கும் பெண்கள் குலவை போட்டுக்கொண்டு ஒரு குடத்தைக் கொண்டுவந்து மீனாவின் முன்னால் வைத்தார்கள். கழுத்தில் பூச்சுற்றிய குடம். எந்தக் கிணற்றுத் தண்ணீர் என்று நான் கேட்கவே வேண்டியதில்லை, பிளீச்சிங் வாடையே சொல்லியது. ஒருத்தி டம்ளரில் மோந்து, "மருந்துத் தண்ணி தாயி, வயித்துப் புள்ளைக்கு நல்லது" என்று அவள் வாயருகே நீட்டினாள். எழுந்தேன். நீ ஓடி வந்து என் முழங்கையைப் பிடித்து அழுத்தினாய். "இங்க வச்சு ஆரம்பிக்காதம்மா. மொதலாளி வீட்டு ஆளுக வந்திருக்காக" என்றாய். பெற்றவளை அப்படி அழுத்திப் பிடித்து உட்கார வைக்க உனக்கு யார் கற்றுக்கொடுத்தது?

அதோடு முடிந்ததா? உன் மாமனார் நல்ல மனிதர், மெதுவாகத்தான் கேட்டார், உன் தங்கச்சி செல்விக்குப் பிறவியிலிருந்தே இப்படியா என்று. நீ கொஞ்சம்கூடத் தயங்கவில்லை. "இல்ல மாமா, கைப்புள்ளையா இருக்கையில தொட்டில்லருந்து விழுந்துட்டா" என்றாய். வளையல் தட்டை ஏந்திக்கொண்டு செல்வி அங்கேதான் நின்றாள். பதினேழு வயதுப் பெண், மெதுவாகப் பேசுகிறவள், மெதுவாகப் புரிந்துகொள்கிறவள், ஆனால் காது கேளாதவள் இல்லை. நீ அவள் முகத்தைப் பார்க்கவில்லை. நான் பார்த்தேன்.

தொட்டிலிலிருந்து அவள் விழவில்லை என்பது உனக்குத் தெரியும். அப்போது உனக்கு ஒன்பது வயது, எல்லாம் நினைவிருக்கும் வயதுதான். இருந்தாலும் ஆரம்பத்திலிருந்து சொல்கிறேன், மறந்துவிட்டதுபோல் நடிக்கிறவர்களுக்கு மறுபடி சொல்லத்தான் வேண்டும். எண்பதுகளின் தொடக்கம் அது. பட்டறைக்குப் பின்னால் லைன் வீட்டில் குடியிருந்தோம். உன் அப்பா வெளுப்புத் தொட்டியில் வேலை பார்த்தார், நான் வீட்டிலிருந்தே பேண்டேஜ் சுருட்டிக் கொடுத்தேன். காடாத் துணி வண்டி வண்டியாக வந்து இறங்கும், பிளீச்சிங் போட்டு வெளுத்து, வெள்ளை வெளேரென்று ஊர் ஊராக ஆஸ்பத்திரிகளுக்குப் போகும். அலசிய தண்ணீர் எங்கே போகும்? சுவருக்கு வெளியே ஒரு மண் குழியில் போய் நிற்கும். அந்தக் குழிக்குக் கூப்பிடு தூரத்தில்தான் கிணறு. மழை இல்லாத மாதங்களில் அந்தக் கிணற்றுத் தண்ணீரில் அதே வாடை வரும். வேறு ஊராக இருந்தால் முகத்தைச் சுளித்துக்கொண்டு வேறு கிணறு பார்த்திருப்பார்கள். நம் தெருவில் அதற்கு மருந்துக் கிணறு என்று பெயர் வைத்தார்கள். ஆஸ்பத்திரிக்குப் போகும் துணியையே சுத்தம் பண்ணுகிற மருந்து கலந்திருக்கிறது, அதில் கிருமி எங்கே நிற்கும் என்று கேட்டார்கள். நகராட்சிக் குழாயிலும் அந்த வாடைதானே வருகிறது, அவர்கள் போட்டால் நல்லது, நம் கிணற்றில் தானாகக் கலந்தால் கெட்டதா என்று நியாயம் பேசினார்கள். மஞ்சள் காமாலை பரவுகிறது என்று பேச்சு வந்துவிட்டால் அடுத்த தெருப் பெண்களும் குடத்தோடு வந்து நிற்பார்கள். அப்போதுதான் அந்த வழக்கம் வந்தது, விடிந்ததும் இறைக்கிற முதல் குடம் தெருவில் யார் முழுகாமல் இருக்கிறாளோ அவளுக்கு என்று.

செல்வி வயிற்றில் இருந்தபோது அந்த முதல் குடம் எனக்கு வந்தது. பக்கத்து வீட்டுத் தெலுங்குக்கார அக்கா தன் கையால் கொண்டுவந்து வைப்பார். அன்பாகத்தான் வைத்தார். தனக்கு முன்னால் எனக்குக் கிடைக்க வேண்டும் என்று வரிசையில் சண்டைகூடப் போட்டார். அவரை நான் குறை சொல்ல மாட்டேன். என்னையும் குறை சொல்லிக்கொள்ள மாட்டேன். இதை நன்றாகப் படித்துக்கொள், மகனே. தாய்மார் பிள்ளைகளுக்கு எழுதினால் நான் செய்த தவறு என்று ஒரு பக்கம் அழ வேண்டும் என்பது உலக வழக்கம்போல. இந்தக் கடிதத்தில் அது கிடையாது. அந்தத் தண்ணீரைக் குடிக்கச் சொன்னபோது குடித்தேன், அதில் என்ன கலந்திருக்கிறது என்று தெரிந்தவர்கள் வாயைத் திறக்கவில்லை. முதலாளி வீட்டுக்குக் குடிதண்ணீர் ஊருக்குள்ளிருந்து மாட்டுவண்டியில் பீப்பாயில் போகும், உனக்கு நினைவிருக்கும், அந்த வண்டிக்குப் பின்னால் நீ தொற்றிக்கொண்டு போவாய். சொந்தக் கிணற்றை வாசலில் வைத்துக்கொண்டு எதற்கு வண்டித் தண்ணீர் என்று நாங்கள் யாரும் கேட்கவில்லை. பணக்கார வீட்டு வழக்கம் என்று நினைத்துக்கொண்டோம்.

செல்வி பிறந்தாள். அழவில்லை. பிறந்தபோது ஒரு முனகல், அவ்வளவுதான். பிறகு தூக்கம், தூக்கம், எந்நேரமும் தூக்கம். பாலுக்கு நான்தான் உள்ளங்காலைச் சுண்டிச் சுண்டி எழுப்ப வேண்டும். அரை வயிறு குடித்துவிட்டு மறுபடி கண்ணை மூடிக்கொள்வாள். பார்க்க வந்தவர்களெல்லாம் என்ன சொன்னார்கள் தெரியுமா? தங்கமான பிள்ளை, பெற்றவளுக்குத் தொந்தரவே இல்லாத பிள்ளை, நாங்களும் பெற்றோமே ராத்திரியெல்லாம் ராகம் பாடுகிற சனியன்களை என்று சிரித்தார்கள். மஞ்சள் காமாலை வாரக்கணக்கில் இறங்கவில்லை, வெயிலில் காட்டு என்றார்கள். தொப்புள் துருத்திக்கொண்டிருந்தது, காசு வைத்துக் கட்டு என்றார்கள். உடம்பு சில்லென்று இருக்கும், நாக்கு தடித்து வெளியே தெரியும், அழுதால் கரகரவென்று பெரிய ஆள் குரல். டாக்டரிடம் காட்டினேன். ஒரு டானிக் எழுதிக் கொடுத்து, சில பிள்ளைகள் மெதுவாகத்தான் வளரும், நீ அவசரப்படாதே என்றார். நல்ல பிள்ளை, நல்ல பிள்ளை என்று ஊரே சேர்ந்து சொல்லச் சொல்ல என் பிள்ளையின் மூளை வளர வேண்டிய மாதங்கள் கழிந்துகொண்டிருந்தன. இன்றைக்கும் யாராவது ஒரு கைக்குழந்தையை அழாத பிள்ளை என்று மெச்சினால் எனக்கு அங்கே நிற்க முடிவதில்லை.

வயது ஒன்று ஆகியும் உட்காரவில்லை என்ற பிறகுதான் உன் அப்பா கடன் வாங்கி எங்களை மதுரைக்கு அழைத்துப் போனார். நீயும் வந்தாய், ரயிலில் ஜன்னல் ஓரம் வேண்டும் என்று அடம்பிடித்தாய். பெரியாஸ்பத்திரியில் ஒரு சின்ன வயது டாக்டரம்மா செல்வியின் நாக்கைப் பார்த்தார், வயிற்றைத் தொட்டார், உடனே ரத்தம் எடுக்கச் சொன்னார். முடிவு வந்ததும் என்னைப் பக்கத்தில் உட்காரவைத்துச் சொன்னார். கழுத்தில் தைராய்டு என்று ஒரு சுரப்பி இருக்கிறதாம், அது சுரப்பதை வைத்துத்தான் குழந்தைக்கு மூளையும் எலும்பும் வளருமாம், இவளுக்கு அது பிறந்ததிலிருந்தே சுரக்கவில்லையாம். "தினமும் ஒரு சின்ன மாத்திரைம்மா. பிறந்த மாசமே ஆரம்பிச்சிருந்தா மத்த பிள்ளைக மாதிரி ஓடியாடிப் படிச்சிருக்கும்" என்றார். வெளிநாடுகளில் பிறந்த சில நாளிலேயே குதிகாலில் ஒரு ஊசி குத்தி, சொட்டு ரத்தம் எடுத்து எல்லாக் குழந்தைக்கும் பார்த்துவிடுகிறார்கள், இங்கே இன்னும் அப்படி வரவில்லை என்றார். சொல்லும்போது அவருக்கே கண் கலங்கியது. எனக்கு அழுகை வரவில்லை. ஒரு சொட்டு ரத்தம், ஒரு சின்ன மாத்திரை, இவ்வளவுதானா, இதற்கா என் பிள்ளை என்று வயிறு எரிந்தது.

எங்கே குடியிருக்கிறீர்கள், என்ன தண்ணீர் குடித்தீர்கள் என்று அவர்தான் கேட்டார். சொன்னேன். முகம் மாறிவிட்டது. அந்தச் சுரப்பிக்கு அயோடின் வேண்டும், பிளீச்சிங் கழிவில் வருகிற சில உப்புகள் அந்த அயோடினைச் சேரவிடாமல் தடுக்கும், தாய் குடித்தால் வயிற்றுப் பிள்ளைக்கும் போகும் என்றார். ஆனால் இதனால்தான் வந்தது என்று ஒரு பிள்ளையை வைத்து அடித்துச் சொல்ல முடியாது, சுரப்பியே சரியாக உருவாகாமலும் சில பிள்ளைகள் பிறக்கும் என்றும் சொன்னார். அதையும் உனக்கு மறைக்காமல் எழுதுகிறேன், ஏனென்றால் நான் உன்னைப்போல் வசதிக்கு ஒரு கதை கட்டுகிறவள் இல்லை. கிணறுதான் காரணம் என்று என்னால் சத்தியம் பண்ண முடியாது. கிணறு காரணம் இல்லை என்று யாராவது சத்தியம் பண்ணுவார்களா? அதற்கு ஒருவன்கூட முன்வரவில்லை. உன் அப்பா போய்க் கேட்டார். ஒரு தடவை அந்தத் தண்ணீரைப் பரிசோதித்துப் பாருங்கள் என்று மட்டும்தான் கேட்டார். அதற்கு முதலாளி, வேலையில் இஷ்டம் இல்லையா என்று கேட்டாராம். அத்தனை வருடம் தொட்டியில் நின்று கால் வெந்து போனவர், தலையைக் குனிந்துகொண்டு திரும்பி வந்தார். வந்து என்னிடம், "விடு, நமக்கு விதி" என்றார். விதி என்ன, சுவரில் குழாய் போட்டுக் குழிக்குள் தண்ணீர் விடுமா?

அவர் விட்டுவிட்டார். ஊர் என்னை விடவில்லை. கிரகணத்தில் வெளியே வந்திருப்பாள் என்றார்கள். பப்பாளி தின்றிருப்பாள் என்றார்கள். உன் அத்தை, நான் பகலில் படுத்துத் தூங்கியதால் பிள்ளை மந்தமாகிவிட்டது என்று என் முகத்துக்கு நேரே சொன்னாள். பெரிய டாக்டருக்கே நிச்சயமாகத் தெரியாத காரணம், ஒன்றும் அறியாத இத்தனை பேருக்கு எப்படி இவ்வளவு நிச்சயமாகத் தெரிந்தது? கிணற்றைக் குற்றம் சொல்ல ஆதாரம் வேண்டுமாம், பெற்றவளைக் குற்றம் சொல்ல எதுவுமே வேண்டாம். அந்தத் தெருவில் இனி ஒரு நாள் இருக்க மாட்டேன் என்று பிடிவாதம் பிடித்து, சத்துணவு அமைப்பாளர் வேலை கிடைத்ததும் உங்கள் இருவரையும் அழைத்துக்கொண்டு இந்த ஊருக்கு வந்தேன். உன் அப்பா கடைசிவரை தினமும் அங்கே போய் வந்தார்.

மாத்திரை ஆரம்பித்த பிறகு செல்வி உட்கார்ந்தாள், நடந்தாள், பேசினாள். எல்லாம் தாமதமாக. போன காலம் போனதுதான். நான்காம் வகுப்பைத் தாண்ட முடியவில்லை. அப்போது நீ எப்படி இருந்தாய் என்று நினைத்துப் பார். பள்ளிக்கூட வாசலில் ஒருவன் அவளை மந்தம் என்று கூப்பிட்டதற்கு அவன் மூக்கை உடைத்துவிட்டு வந்தாய். தலைமையாசிரியர் என்னைக் கூப்பிட்டனுப்பினார். ஏன் அடித்தாய் என்று அவர் கேட்டதற்கு, "எந்தங்கச்சி மந்தமில்ல சார், அவளுக்கு மருந்து லேட்டாக் குடுத்துட்டாக" என்றாய். அந்த வயதில் அவ்வளவு தெளிவாகச் சொல்ல முடிந்தது உனக்கு. இப்போது சூப்பர்வைசர் ஆகிவிட்டாய், பழைய முதலாளியின் மகன் உனக்கு முதலாளி, காம்பவுண்டுக்குள் வீடு, ஸ்கூட்டர். வாயில் தொட்டில் கதை வருகிறது.

உன் பயம் எனக்குத் தெரியாமல் இல்லை. மீனா வீட்டில் இதைச் சொன்னால் வம்ச நோய் என்று நினைப்பார்கள். தண்ணீரால் இருக்கலாம் என்று சொன்னால் வேலை போகும். இரண்டு பக்கமும் அடி. அதனால் இரண்டுக்கும் இடையில் ஒரு தொட்டிலைக் கட்டித் தொங்கவிட்டுவிட்டாய். நல்ல சாமர்த்தியம். ஆனால் உன் மனைவி உன்னைவிடக் கெட்டிக்காரி. வளைகாப்பு முடிந்த மறுநாள் காலையில் செல்வி மாத்திரை போடத் தண்ணீர் கேட்டாளாம், இவள்தான் டம்ளரை எடுத்துக் கொடுத்திருக்கிறாள். என்ன மாத்திரை என்று கேட்டதற்கு, "கழுத்து மாத்திர மதினி, பொறந்ததிலருந்து இல்லாததுக்கு" என்று சொல்லியிருக்கிறாள் நம் பிள்ளை. விழுந்ததற்கு எதற்குக் கழுத்து மாத்திரை என்று மீனா உன்னைக் கேட்டாளாம். நீ அதட்டினாயாம். கிணற்றுத் தண்ணீர் பிடிக்கவில்லை, குமட்டுகிறது என்றதற்கு, காய்ச்சிக் குடி என்றாயாம். காய்ச்சினால் கிருமி சாகும், இந்த உப்பு சாகாது, சுண்டச் சுண்ட இன்னும் கூடத்தான் செய்யும் என்று அந்த டாக்டரம்மா சொன்னபோது நீ என் மடியில் சாய்ந்துகொண்டு கேட்டுக்கொண்டுதானே இருந்தாய்?

இன்று வந்து உட்கார்ந்ததும் அவள் கேட்டது இதுதான்: "அத்தே, செல்விக்கு நெசமா என்ன? அவிய சொல்ல மாட்டேங்காக. எம்புள்ளைக்கும் வருமா?" எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். பொய்யும் சொல்லவில்லை, பயமுறுத்தவும் இல்லை. வரும் என்று யாராலும் சொல்ல முடியாது, வந்தாலும் உடனே கண்டுபிடித்தால் ஒன்றும் ஆகாது என்றேன். அவள் அழுதாள், பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, பிரசவம் வரை இங்கேயே இருந்துகொள்கிறேன் என்றாள். இருக்கட்டும். அனுப்ப மாட்டேன். நீ ஸ்கூட்டரில் வந்து நின்றாலும் அனுப்ப மாட்டேன், உன் முதலாளி காரில் வந்து நின்றாலும் அனுப்ப மாட்டேன். பிள்ளை பிறந்த சில நாளிலேயே ரத்தம் எடுத்து மதுரைக்குக் கொடுத்தனுப்ப வேண்டும், இப்போது அங்கே அந்தப் பரிசோதனை சாதாரணமாகச் செய்கிறார்கள், அதை நான் பார்த்துக்கொள்வேன். ஊரார் நல்ல பிள்ளை என்றாலும் சரி, ராகம் பாடுகிற பிள்ளை என்றாலும் சரி, முடிவு கையில் வரும்வரை நான் ஓய மாட்டேன். நீ செய்ய வேண்டியது வேறு. அந்தக் கிணற்றுத் தண்ணீரைப் பாட்டிலில் எடுத்துப் பரிசோதனைக்குக் கொடு. உன் அப்பாவால் முடியவில்லை, அவர் தொட்டியில் நின்றவர். நீ மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறாய். முடிவு தெரிகிறவரை அந்த முதல் குடத்தை நிறுத்து. உங்கள் பட்டறைப் பெண்களில் இன்னும் எத்தனை பேர் முழுகாமல் இருக்கிறார்கள், உனக்குத்தான் தெரியும். வேலை போனால் போகட்டும், நானும் ஒரு சம்பளம் வாங்குகிறேன், நாம் யாரும் பட்டினி கிடந்து செத்துவிட மாட்டோம். உன் மாமனாரிடம் போய் உண்மையைச் சொல். அவர் கோபப்படுவார். படட்டும், பட வேண்டியதுதான்.

இவ்வளவும் எழுதிவிட்டு நிறுத்தலாம் என்று பார்த்தேன், முடியவில்லை. வளைகாப்பிலிருந்து வந்த நாள் முதல் செல்வி அடிக்கடி தலையைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள். எங்கே அடிபட்டது, தழும்பு எங்கே என்று கண்ணாடியில் தேடினாள். நான் கவனித்தும், ஏதோ பேன் தொல்லை என்று இருந்துவிட்டேன். இன்று மீனாவிடம் நான் உன்னைத் திட்டித் தீர்த்துக்கொண்டிருந்தபோது, அவள் பூண்டை அப்படியே போட்டுவிட்டு வந்து என் வாயைப் பொத்தினாள். "அண்ணன வையாதம்மா" என்றாள். "எந்தொட்டில அண்ணந்தான ஆட்டுவான்? அவன் கைதவறித்தான விட்டுருப்பான். சின்னப்புள்ள, வேணும்னா விட்டான்? எனக்கு வலிக்கவே இல்ல."

உன் பெயரைக் காப்பாற்ற நீ கட்டிய பொய்யில் அவளைத் தள்ளிவிட்டவன் நீயாகிவிட்டாய், மகனே. அவளும் உன்னை மன்னித்துவிட்டாள். நீ அவளைத் தள்ளவில்லை, எந்தத் தொட்டிலிலிருந்தும் அவள் விழவில்லை என்று நான் எத்தனை தடவை சொல்லியும் நம்ப மாட்டேன் என்கிறாள், அண்ணன் பொய் சொல்ல மாட்டான் என்கிறாள். நீ வந்து, உன் வாயால் சொன்னால்தான் நம்புவாள். இன்றே புறப்பட்டு வா.

உன் அம்மா